முந்நூற்றுப் பன்னிரண்டு வெள்ளைச் சட்டைகள்

"ஹலோ... ஹலோ மச்சான், கேக்குதா?... ஆமா, ஆமா, நான்தான். சாப்பாடெல்லாம் அப்புறம், முதல்ல எழுதிக்கோ... ராம் அறுபத்து நாலு... ஜிபிதான்டா, கிலோவா கேப்பேன்? அடுத்தது கிராஃபிக்ஸ் கார்டு. இருக்கறதுலயே பெருசு எதுவோ அது... கேம் ஆடற பசங்க வாங்கறதா? இருக்கட்டுமே, நானும் பையன்தான், தலை மட்டும்தான் முந்தி நரைச்சிடுச்சு."

போட்டோக்காரர் ஸ்டூடியோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். ஸ்டூடியோ என்பது அவர் வீட்டு முன்னறைதான். சுவரில் சாம்பல் நிறத் திரை, மூலையில் இரண்டு குடை விளக்கு, மேஜைமேல் ஒன்பது வயதான கம்ப்யூட்டர். மறுமுனையில் இருந்தவன் மனைவியின் தம்பி. பாகம் பாகமாக வாங்கிக் கம்ப்யூட்டர் கோத்துக் கொடுப்பது அவன் தொழில். அக்கா வீட்டுக்காரர் கேட்கிறார் என்பதற்காகத் தலையாட்டிவிடும் ரகம் இல்லை.

"ம்... ம்... என்ன வேலைக்கா? போட்டோ எடிட்டிங்குக்குத்தான். மாவு அரைக்கவா கேக்கறேன்?... இல்ல, ஸ்லோ ஆகல. நிக்கவும் இல்ல. நல்லாத்தான் ஓடுது... பின்ன எதுக்கா?... அதைச் சொன்னா சிரிப்பே... சத்தியமா சிரிக்க மாட்டியா?... கலர் வரமாட்டேங்குது மச்சான். கம்ப்யூட்டருக்கு வயசாயிடுச்சு. நான் ஒரு கலர் வைக்கறேன், அது வேற கலரைக் கக்குது... பாத்தியா, சிரிக்கறே!"

உள்ளறையில் தையல் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க அக்காவுக்கு முழுசாத் தெரியாது, உன்கிட்ட சொல்றேன். இன்னிக்குக் காலையில ஹெட்மிஸ் கூப்பிட்டாங்க... ஆமா, அந்தப் பள்ளிக்கூடம்தான், பதினோரு வருஷமா நான்தானே எடுக்கறேன். முந்நூத்திப் பன்னிரண்டு பிள்ளைங்க போட்டோவையும் கட்டா மேஜையில வச்சிருந்தாங்க. 'எங்க சட்டை வெள்ளை. இவங்கெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க?'ன்னு கேட்டாங்க... நீலம்டா. அத்தனையும் நீலம். சட்டை நீலம், பல்லு நீலம். ஒண்ணாம் வகுப்பு மொத்தமும் ஐஸ் பெட்டிக்குள்ள உக்காந்திருக்கு... வியாழக்கிழமைக்குள்ள வெள்ளை வெள்ளையா வரணும். இல்லன்னா பாலத்துக்கிட்ட புதுசா ஸ்டூடியோ போட்டிருக்கானே, அவன்கிட்ட போயிடுவாங்க. அது போச்சுன்னா நான் இந்தக் குடையை எடுத்துட்டு மழைக்குத்தான் போகணும்."

அவர் சிரித்தார். உதடு மட்டும்தான் சிரித்தது.

"பிரிண்டா? அதைக் கேக்காதே... லேப்காரர்கிட்டதான் முதல்ல சண்டைக்குப் போனேன். 'உங்க மெஷின்ல நீல மை கொட்டிக் கிடக்கு'ன்னு நாலு பேர் முன்னாடி கத்தினேன். மனுஷன் மூக்குக் கண்ணாடியைக் கழட்டினார், துடைச்சார், என்கிட்ட நீட்டினார்... ஆமா, எனக்குத்தான்! என் கண்ணுக்கு! இருபத்திரண்டு வருஷக் கண்ணு மச்சான். கல்யாணக் கூட்டத்துல முந்நூறு முகம் இருந்தாலும், எந்த முகத்துல சிவப்பு ஒரு இழை கூடியிருக்குன்னு எட்ட நின்னே சொல்லுவேன்... வேறயா? போன மாசம் ரிட்டயரான போஸ்ட்மாஸ்டர் படம். அவங்க வீட்டுல 'அப்பா ஏன் விஷம் குடிச்ச மாதிரி இருக்கார்'னு கேட்டாங்க. 'உங்க ஃபோன் ஸ்கிரீன் சரியில்ல'ன்னுட்டேன்... தெரியும்டா, தெரியும். ஊர்ல எல்லார் ஃபோனும் சரியில்ல, என்னுது மட்டும் சரி. அதனாலதான் சொல்றேன், கோளாறு கம்ப்யூட்டர்ல. எழுதிக்கோ, ராம் அறுபத்து..."

மறுமுனை குறுக்கே புகுந்தது.

"என்ன?... வெள்ளைத் தாளா? இருக்கு. எதுக்கு?... சரி, சரி. எடிட்டிங்ல ஒரு காலிப் பக்கம்... திறந்துட்டேன். வெள்ளையா இருக்கு... தாளைப் பக்கத்துல பிடிக்கணுமா? இரு, ஃபோனைத் தோள்ல இடுக்கிக்கறேன்... ம்... பிடிச்சாச்சு..."

அவர் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மச்சான்... இருக்கேன், இருக்கேன்... தாள் வெள்ளையா இருக்கு. ஸ்கிரீன்... என்ன சொல்ல... டீ கொட்டின பனியன் மாதிரி இருக்கு."

அவர் தாளை எடுத்தார், வைத்தார், திருப்பிப் பிடித்தார். தாள் மேல் தப்பில்லை.

"எங்க போகணும்?... செட்டிங்ஸ்... டிஸ்பிளே... ம்... 'கண் பாதுகாப்பு'ன்னு ஒண்ணு... கண்ணு கூசாம ஸ்கிரீனை மஞ்சளாக்கறதா?... ஆமா, எரியுது. எப்பவும்னு போட்டிருக்கு. கோட்டுல ஒரு புள்ளி இருக்கு, வலது பக்கம் சுவத்துல முட்டிக்கிட்டு நிக்குது... அணைச்சுட்டேன். ஐயய்யோ!"

திரை பளீரென்று வெளுத்தது. கண்களை இறுக்க மூடிக்கொண்டார். மெல்லத் திறந்து காலிப் பக்கத்தை மூடியபோது எதிரே ஒண்ணாம் வகுப்பு உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் பல் விழுந்த சிறுமி ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். குளத்துத் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் நீலமாக இருந்தாள்.

"மச்சான்... நீலம்... எல்லாம் நான் பண்ணதுதான். படம் மஞ்சளாத் தெரியுதேன்னு, ஒவ்வொரு முகமா, கொஞ்சம் கொஞ்சமா நானே நீலத்தை ஊத்தியிருக்கேன். இதுக்கு ரெண்டு நாள் இடுப்பொடிய உக்காந்தேன்டா... ஆனா இதை யாரு போட்டது? நான் இந்தப் பக்கமே வந்ததில்ல... என்ன?... ஏன் பேச மாட்டேங்கறே?... நீயா?"

தையல் மிஷின் நின்றது. மறுபடி ஓடியது.

"ரெண்டு மாசம் முன்னாடியா... ஆமா, கண்ணு சிவந்து சொட்டு மருந்து விட்டுக்கிட்டிருந்தேன்... உங்க அக்கா உனக்கு ஃபோன் பண்ணினாளா? 'அவர் கண்ணைக் கசக்கிக்கிட்டே இருக்கார்'னு... ம்... நீ சொல்லிக் கொடுத்தே... ஒரேயடியா வச்சா கண்டுபிடிச்சிடுவார்னு தினம் கொஞ்சமா... நான் குளிக்கப் போறப்பவா?... உப்பு போடற மாதிரி தினம் ஒரு சிட்டிகை! என் கண்ணு ரெண்டு மாசமா அதைச் சப்புக் கொட்டிச் சாப்பிட்டிருக்கு. டேய், எட்ட நின்னே சிவப்பைச் சொல்ற கண்ணுடா இது!"

இப்போது அவர் சிரித்தது வயிற்றிலிருந்து வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். நீர் வந்ததற்குச் சிரிப்பு மட்டும் காரணமா என்று அவரைக் கேட்டால் மழுப்புவார்.

"இல்ல, இல்ல, திட்டல... அவகிட்ட சொல்லவா? உனக்குப் பைத்தியமா? உங்க அக்காவுக்கு மட்டும் தெரிஞ்சா, அந்த முந்நூத்திப் பன்னிரண்டு வீட்டுக்கும் நடந்தே போய் மன்னிப்பு கேப்பா... கேக்க வேண்டியவன் நான். சாயங்காலம் லேப்காரர் கடைக்குப் போறேன், கத்தினப்போ இருந்த அந்த நாலு பேரும் இருக்கற நேரமாப் பாத்து... ஹெட்மிஸ்கிட்டயும் என் தப்புன்னே சொல்லிடறேன். மூல போட்டோவெல்லாம் பத்திரமா இருக்கு. புதன்கிழமைக்குள்ள திரும்பச் செஞ்சுடலாம்... புதுசா? வேண்டாம்டா, இந்தக் கிழவன் மேல வீண் பழி போட்டுட்டேன். எழுதினதை அழிச்சுடு... எழுதவே இல்லையா? அடப்பாவி!... இரு, இரு, அவ வர்றா. நீ வாயைத் திறக்காதே."

மிஷின் சத்தம் நின்றுபோயிருந்தது. மனைவி கையில் பச்சைத் துணி உறையோடு வாசற்படியில் நின்றாள். வரப்போகும் கம்ப்யூட்டருக்காக அவர் தந்த அளவில் தைத்தது. ஒயர் போக ஓட்டை விட்டு, ஓட்டையைச் சுற்றிப் பட்டன்துளைத் தையலும் போட்டிருந்தாள்.

"அட, முடிச்சுட்டியா? பிரமாதம்மா... இல்ல, புதுசு வேண்டாமாம். உன் தம்பிதான் சொல்றான், இதுவே இன்னும் ரெண்டு வருஷம் ஓடுமாம்... ஏன் வீணாகுது? இதுக்கே போட்டுக்கலாம். கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும், என் பேன்ட் மாதிரி... நீலமா? அது சரியாயிடுச்சு. நான்தான் என்னத்தையோ தட்டிவிட்டிருக்கேன், இந்தக் கை சும்மா இருக்குமா?... கண்ணா? ஒண்ணுமில்ல, தூசி... சிவந்தெல்லாம் இல்லம்மா... ஏய், மவுஸ் எதுக்கு உனக்கு? அது... அதைத் தொ..."

அவள் அவர் தோள்மேலாகச் சாய்ந்திருந்தாள். திரையைப் பார்த்தாள், அவர் கண்ணைப் பார்த்தாள். யாரோ அணைத்துவிட்டிருக்கிறார்கள் என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, பழகிய கையால் நாலே தட்டில் அந்தப் புள்ளியைப் பிடித்து வலது கோடிக்கு இழுத்தாள். ஒண்ணாம் வகுப்பு முழுவதும் இளவெயிலுக்கு வந்தது.

"...ஆமாம்மா. இப்ப இதமா இருக்கு. ரொம்ப இதமா இருக்கு."

அவள் உறையை மடித்துக் கம்ப்யூட்டர் தலையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

"மச்சான்... இருக்கியா?... சிரிச்சது போதும். அவ வர்றப்போ எரியணும், போனதும் அணையணும். அதுக்கு ஒரே பட்டன்ல ஏதாவது வழி இருக்கா?... இருக்கா! சொல்லு, சொல்லு, எழுதிக்கறேன்... இரு, பேனா எங்கே... ஐயோ, மிஷின் நின்னுடுச்சுடா, வை, வை..."