திருநீற்றில் மயில்துத்தம்

என் பெயர் இளங்கீரன், தகப்பனார் சதாசிவம், வயது பதினேழு, ஐந்தாம் படிவ மாணவன், ஈப்போ சிலிபினில் குடியிருக்கிறேன். சிலிபின் வாழ் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: வெள்ளிக்கிழமை மாலை எங்கள் முருகன் கோயிலில் என் கூட்டாளி சுரேனின் நெற்றி நீலமானது. இன்ஸ்பெக்டர் விமலா ஒழுங்காகச் சொல்லும்படி எச்சரித்ததால் ஒழுங்காகச் சொல்கிறேன்.

என் மாமா கனகராஜ் பம்பளிமாஸ் மரங்களில் பூஞ்சை பிடிக்காமலிருக்க மயில்துத்தத்தைச் சுண்ணாம்போடு கலந்து தெளிப்பவர். அந்த நீலக் கட்டியைச் சூடாக்கினால் வெள்ளைப் பொடியாகும், ஈரம் பட்டால் மறுபடி நீலமாகும் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். அது விஷம் என்பதும் அதே பாடத்தில்தான் இருந்தது. முருகனுக்கு மயில், எனக்கு மயில்துத்தம் என்று சொல்லிக்கொண்டே மாமாவின் கொட்டகையில் கொஞ்சம் எடுத்து, வறுத்து, கோயில் தூணில் மாட்டியிருக்கும் திருநீற்றுக் கிண்ணத்தில் கலந்தேன்.

அதன் பிறகு பந்து விளையாடிவிட்டு வேர்வையோடு வந்த சுரேன் பூசினான், நெற்றி நீலமானது, நான் சிரித்தேன். அதன் பிறகு நான் கிண்ணத்தை எடுப்பதற்குள் அவன் அக்கா கலாதேவி வந்து, பூசிக்கொண்டு, எல்லாரும் செய்வதுபோல் ஒரு சிட்டிகையை வாயிலும் போட்டுக்கொண்டார். அக்கா ஆறு மாதக் கர்ப்பிணி. திருநீறு வாய்க்கும் போகும் என்பது எனக்குத் தெரியாததல்ல, ஆனால் கலக்கும்போது நெற்றி மட்டுமே ஞாபகத்தில் இருந்தது.

"என்னாடா விபூதி இது, காசை நக்குன மாதிரி இருக்கு" என்று முகம் சுளித்தவர், அதன் பிறகு கோயில் வாசலிலேயே பச்சையாக வாந்தி எடுத்தார். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டே காரில் ஏறினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சாப்பிட்டார் என்று கேட்க, வீட்டார் திருநீறு தவிர ஒன்றுமில்லை என்றார்கள். உடனே நான் துணிந்து முன்னால் போய் உண்மையைச் சொன்னேன். அதன் பிறகு அறைக்குள் குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கும் கருவி வைத்தார்கள். அந்தச் சத்தம் நடுவில் விட்டுப் போனபோதெல்லாம் நான் மூச்சு விடவில்லை. நீல நெற்றியோடு நின்ற சுரேன், "அக்காவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என் மூஞ்சில முழிக்காத லா" என்றான். நான் மச்சான் என்று கூப்பிட்டதற்கு அவன் திரும்பவில்லை. அக்கா இன்னும் வார்டில் இருக்கிறார், சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும் என்கிறார்கள்.

இதை இன்ஸ்பெக்டர் எனக்குப் படித்துக் காட்டியபோது ஒன்றைத் திருத்தச் சொன்னேன். துணிந்து போய்ச் சொன்னேன் என்பது பொய். கோயிலில் அக்கா தன் வாயில் போட்ட கையோடு எனக்கும் ஒரு சிட்டிகை நீட்டி, "வாயத் தொற" என்றார். வேண்டாம் என்றால் மாட்டிக்கொள்வேன் என்று பயந்து வாயைத் திறந்தேன். டாக்டர் கேட்ட நேரத்தில் நான் ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் ஒளிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். தாதி பிடித்துக் கொண்டுபோய் நிறுத்த, டாக்டர் என் நாக்கைப் பார்த்தார். நீலமாக இருந்தது. அதற்குப் பிறகுதான், அழுதுகொண்டே, சொன்னேன்.

இந்தத் திருத்தத்தோடு சேர்த்தால் நான் சொன்ன அனைத்தும் உண்மை. என்னை யாரும் மிரட்டவில்லை.

(ஒப்பம்) ச. இளங்கீரன்