யாரும் ஆரம்பிக்காத சண்டை

இல்ல மேனேஜர் சார், அந்த இங்கிலீஷ் வார்த்தைய இன்னொரு தடவ சொல்லுங்க. டானிபுரூக்கா? வாயில நுழைய மாட்டேங்குது. நேத்து எங்க லாண்டரியில நடந்ததுக்கு அதையா ரிப்போர்ட்ல எழுதியிருக்கீங்க?

ஓ, ஊர் பேரா அது! அயர்லாந்துலயா. அங்க குதிரைச் சந்தை கூடும், குடிச்சிட்டு அடிச்சிக்குவாங்க, அப்படியே சண்டைக்கே அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. யாரு யார அடிக்கிறாங்கன்னே தெரியாத அடிதடி. எங்களுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு. துவைக்கிற பக்கத்து ஆளுங்க விலக்கிவிடத்தான் வந்தாங்க. அவங்களும் ரெண்டு வாங்கி ரெண்டு குடுத்துட்டுத்தான் போனாங்க. சூப்பர்வைசர் மூஞ்சியில ஈரத் தலையணை உறை. யாரு எறிஞ்சதுன்னு கேட்டா எல்லாரும் கூரையப் பாக்குறாங்க. சிரிக்காதீங்க சார். எனக்கும் வருது, வரக்கூடாது.

அந்தச் சந்தை இன்னும் கூடுதா? மூடிட்டாங்களா! அடிச்சிக்கிட்டவன் போகட்டும். ஒழுங்கா குதிரை விக்க வந்தவன் என்ன பண்ணியிருப்பான், பாவம்.

சொல்றேன், சொல்றேன். எனக்குப் பெரியவங்க முன்னால பேச வராது, அதான் சுத்தி வளைக்கிறேன்.

ஆஸ்பத்திரித் துணி காஞ்சு வந்ததும் நான்தான் மூட்டை கட்டுவேன். ஒவ்வொரு இஸ்திரி மேசைக்கும் ஒரு கலர் நூல். ஒரு வாரம் கனமான போர்வை வந்தா அடுத்த வாரம் லேசா தலையணை உறை. முறை மாறிக்கிட்டே வரும். அவங்கவங்க நூலப் பாத்து எடுத்துட்டுப் போயிடுவாங்க, ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க. இத்தன வருஷத்துல முறை தப்பினதில்ல.

நேத்து சிவப்பு மேசைக்காரிக்கு மறுபடியும் போர்வை. அவள பட்டாசுன்னுதான் கூப்பிடுவோம், வாய் அப்படி. நேரா பச்சை மேசைக்குப் போனா. அங்க நிக்கிறது என் மருமக. நீதாண்டி நூல மாத்திக் கட்டியிருக்கன்னு கத்தினா. மருமக சத்தியமா இல்லக்கான்னா. ஒருத்தி தள்ளினா, இன்னொருத்தி இழுத்தா, அப்புறம் உங்க அயர்லாந்துதான்.

ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. யாரும் ஆரம்பிக்கல, எல்லாரும் சண்ட போட்டாங்கன்னு எழுதறீங்க. அப்ப வேலையவிட்டு அனுப்பறது மட்டும் ஏன் பட்டாச? பொய்ப் பழி போட்டதாலயா?

அவ போட்டது பாதி பொய்தான் சார். முறை தப்பினது நெசம். ஆள்தான் தப்பு.

நூல யாரும் மாத்தல. கட்டும்போதே நான் அப்படித்தான் கட்டினேன். மருமக முழுகாம இருக்கா. முன்னால ரெண்டு தடவ தங்கல, அதனால இந்தத் தடவ வெளியில மூச்சு விடல. கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க. தன் மூட்டை ஏன் லேசா இருக்குன்னு அவளுக்கே தெரியாது. பச்சைக்கு வரவேண்டிய போர்வை யார் தலையிலயாவது விழணுமில்ல? பட்டாசு திடமானவ, தாங்குவான்னு நெனச்சேன். ஒரு வார்த்த கேட்டிருந்தா அவளே சந்தோஷமா தூக்கியிருப்பா. அதான் சார் ராத்திரியெல்லாம் உறுத்துது.

அத எழுதிக்கிட்டு அவள உள்ள கூப்பிடுங்க. வெளியில பெஞ்சுலதான் உக்காந்திருக்கா. நானே அவகிட்ட சொல்லிடறேன்.

என்ன சார்? கதவு திறந்தேதான் இருக்கா?

அப்ப எல்லாம் கேட்டிருப்பாளே. சத்தத்தையே காணோம்.