பேட்டரி சும்மாதான் கிடக்குது

டெல்லர்வோங்கிற பேரை உங்ககிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. அதான் பார்த்தேன். ரெய்னோ நிலவறை எங்கன்னு கேட்டுக்கிட்டுல்ல வந்தீங்க? எல்லாரும் அப்படித்தான் கேட்டுட்டு வருவாங்க. ரெய்னோ வீடு, ரெய்னோ படகு, ரெய்னோ நிலவறை. அந்த மனுஷன் உசுரோட இருந்த காலத்துல ஒரு உருளைக்கிழங்கு எடுக்கக்கூட இதுக்குள்ள இறங்கினதில்ல, தெரியுமா? முதுகுவலி. இறங்கினது, ஏறினது, குனிஞ்சது, நிமிர்ந்தது எல்லாம் அவரு பொண்டாட்டி டெல்லர்வோ. பேரு மட்டும் ரெய்னோ நிலவறை.

முதல்ல அந்தப் படகு பேட்டரியைக் கீழ வைங்க தம்பி. ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைத் தூக்கிட்டு வந்த மாதிரி எவ்வளவு நேரம் ஏந்திக்கிட்டு நிப்பீங்க? அட, சிமெண்டுதான், வைங்க. சிமெண்டுத் தரையில வச்சா சார்ஜ் இறங்கிரும்னு யார் சொன்னது? படகு கிளப்புலயா? அப்படித்தான் இருக்கும். அது பேட்டரிக்கு ரப்பர் டப்பா போட்ட காலத்துக் கதை. இப்ப பிளாஸ்டிக். சிமெண்டு ஒண்ணும் உறிஞ்சிக் குடிச்சிராது. ஐயோ, சாய்க்காதீங்க! உள்ள இருக்கிறது அமிலம், எலுமிச்சை சர்பத் இல்ல. கால்சட்டை போயிரும். டெல்லர்வோவோட ஏப்ரனைப் பார்க்கணுமே, சல்லடை மாதிரி இருக்கும். கேட்டா, லேஸ் வேலைப்பாடும்பா.

எந்த வயரை முதல்ல கழட்டினீங்க? சிவப்பா? தப்பு. கறுப்பைத்தான் முதல்ல கழட்டணும். சிவப்புல ஸ்பேனரை வச்சுத் திருகறப்ப அது கொஞ்சம் நழுவி எஞ்சின்ல பட்டுச்சுன்னு வைங்க, வாணவேடிக்கைதான். கறுப்பைக் கழட்டிட்டா அப்புறம் எங்க பட்டாலும் பயமில்ல. திரும்ப மாட்டறப்ப தலைகீழா. கறுப்பு கடைசி. இதையும் டெல்லர்வோதான் சொன்னா. அவ சொன்னதைத்தான் அந்தக் கிளப்புல ஒவ்வொருத்தரும் தன் சொந்தக் கண்டுபிடிப்பு மாதிரி சொல்லிக்கிட்டுத் திரியுறாங்க.

சார்ஜ் பண்ணிக் கொண்டாந்தீங்களா? இல்லயா? செப்டம்பர் கடைசியில தீவுல ரெண்டு ராத்திரி ஹீட்டர் ஓடியிருக்கும், ஃப்ரிட்ஜ் ஓடியிருக்கும், பாட்டும் ஓடியிருக்கும். அப்படியே கழட்டி அப்படியே தூக்கிட்டு வந்துட்டீங்க. இல்ல, உங்களைக் குத்தம் சொல்லல. ஊர்ல எல்லாரும் அப்படித்தான். கோடை முழுக்க உழைச்ச பேட்டரி, பாவம், குளிர்காலத்துல ஓய்வெடுக்கட்டும்னு நெனைக்கிறாங்க. அது என்ன பசுமாடா, தொழுவத்துல கட்டிப்போட்டா அசை போட்டுக்கிட்டுக் கிடக்க? பாதி காலியான பேட்டரியைச் சும்மா போட்டுவச்சா உள்ள தகடெல்லாம் உப்புப் பூத்து இறுகிப் போயிரும். வெளியில பனியில விட்டாலோ உறைஞ்சு டப்பாவே வெடிச்சிரும். அதே பேட்டரி நிறைஞ்ச சார்ஜோட இருந்தா எந்தப் பனியும் ஒண்ணும் பண்ணாது. முழு வயித்தோட தூங்கப் போறவனுக்கும் பட்டினியாப் படுக்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான்.

இந்த நிலவறை அதுக்கு ஏத்த இடம்தான், இல்லேங்கல. பாறையைக் குடைஞ்சு எடுத்தது. வெளியில கடல் உறைஞ்சு ஆள் நடந்து போகிற குளிர்லயும் உள்ள தண்ணி உறையாது. சூடும் ஏறாது. அதனாலதான் ஒருத்தன் கொண்டாந்து வச்சான், அவனைப் பார்த்து இன்னொருத்தன் வச்சான், கடைசியில கிளப்புல பாதிப் பேரோட பேட்டரி இங்க வந்து உட்கார்ந்துருச்சு. டெல்லர்வோ சுவரோரமா வரிசையா அடுக்கி வைப்பா. சார்ஜரை ஒண்ணுல மாட்டுவா, அது நிறைஞ்சதும் கழட்டி அடுத்ததுல மாட்டுவா. கடைசி பேட்டரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள முதல் பேட்டரிக்குத் திரும்பப் பசி எடுத்திருக்கும். சார்ஜ் ஏறறப்ப ஒரு வாயு வரும், தீப்பொறி பட்டா குண்டுதான், அதனால கதவைக் கொஞ்சம் திறந்து வச்சுட்டு, கிழங்கு உறைஞ்சிராம பழைய கம்பளியைப் போர்த்தி வைப்பா. திறக்கிற மாதிரி மூடி வச்ச பேட்டரின்னா திறந்து பார்த்து, தண்ணி குறைஞ்சிருந்தா காய்ச்சி வடிச்ச தண்ணியை ஊத்துவா. வாரத்துக்கு ரெண்டு தடவை, அக்டோபர்லேர்ந்து மே வரைக்கும்.

மே மாசம் வருவாங்க துரைமாருங்க. ஆளுக்கு ஒண்ணு தூக்கிட்டுப் போவாங்க. ஒரு திருகல்ல எஞ்சின் உறுமும். என் பேட்டரி நல்ல கம்பெனிது, காசு கொடுத்து வாங்கினேனாக்கும்பாங்க. ரெய்னோவுக்கு ஒரு பாட்டில் வரும். ரெய்னோவுக்கு!

டெல்லர்வோ எதுவும் சொன்னதில்லயான்னு கேட்கிறீங்களா? அவளுக்கு அதுல ஆசையில்ல தம்பி. அவளுக்கு வேண்டியது கடல். படகை ஓட்டினதும் அவதான். ரெய்னோ பின்னால படுத்துக்கிட்டுக் குறட்டை விடுவாரு, இவ பாறைக்கும் பாறைக்கும் நடுவுல ஊசியில நூல் கோக்கிற மாதிரி கொண்டுபோவா. நாள் முழுக்க வேலை செஞ்சுட்டு, சாயங்காலம் ஒருத்தியா கிளம்பி, ஒரு ஃப்ளாஸ்க் காபியோட வெளித்தீவு வரைக்கும் போய்ட்டு வருவா. வந்தா முகமே வேற மாதிரி இருக்கும்.

போன வருஷத்துக்கு முந்தின ஆகஸ்ட்ல ரெய்னோ போய்ச் சேர்ந்தாரு. தூக்கத்துலயே. அடக்கம் முடிஞ்சு காபி ஆறல, கிளப்புல பேச்சு வந்துருச்சு, படகுத்துறையில ரெய்னோவோட இடம் யாருக்குன்னு. ஆமா, டெல்லர்வோ இருக்கா. அவ குடும்ப உறுப்பினர்தானே, முழு மெம்பர் கிடையாதே. இடம் முழு மெம்பருக்குத்தான். துர்க்கு ஊர்ல படகு கட்ட இடம் கிடைக்கிறது என்ன லேசுங்கிறீங்க? நீங்க எத்தனை வருஷம் வரிசையில நின்னீங்க? அப்புறம்! இடம் போச்சுன்னா படகு போச்சு. படகு போச்சுன்னா அவளுக்கு என்ன மிச்சம்? நாலு சுவரும் ரெய்னோவோட செருப்பும்.

ஒரு வழி இருந்துச்சு. கூட்டு வேலைக்கு வந்து மணிக்கணக்கு சேர்த்து வச்சிருந்தா பொண்டாட்டியையும் முழு மெம்பரா ஏத்துக்கலாம்னு விதி. கூட்டு வேலைன்னா உங்களுக்கே தெரியுமே. பலகைக்கு ஆணி அடிக்கிறது, சுவருக்கு வர்ணம் பூசறது, மத்தியானம் பட்டாணி சூப்பு குடிக்கிறது, சாசேஜ் சுட்டுத் தின்னுட்டு முதுகைத் தட்டிக்கொடுத்துக்கிறது. அந்தச் சூப்பை யார் காய்ச்சறாங்கன்னு கேட்காதீங்க, அதுக்கும் கணக்கு கிடையாது.

கிளப்புல எதுவும் மேசையில முடிவாகாது, ஆவிக் குளியல் அறையில, சவுனாவுலதான் முடிவாகும். நீங்க புதுசு, போகப் போகத் தெரியும். முதல் முறை ஆம்பளைங்களுக்கு. கல்லு நல்லா காஞ்சிருக்கும், தண்ணி ஊத்துவாங்க, ஆவி கிளம்பும், ஆளாளுக்கு ஒரு பேச்சு, எல்லாம் முடிஞ்சிரும். கல்லு ஆறினப்புறம் பொம்பளைங்க முறை. நாங்க போறப்ப பலகையில அவங்க வேர்வைதான் மிச்சம் இருக்கும். அப்படி வெளியில வந்து, துண்டைக் கட்டிக்கிட்டு, முகம் சிவந்துபோய், கிளப்புத் தலைவர், கமடோர் யால்மரி, டெல்லர்வோகிட்ட நேராவே சொன்னாரு. ஆமா, உங்களை இங்க அனுப்பின அதே யால்மரிதான். விதின்னா விதிம்மா, உன் பேர்ல ஒரு மணி நேரம்கூட ஏறல, நான் என்ன பண்ணட்டும்னாரு. பக்கத்துல நின்ன ஒருத்தருக்கு மட்டும் கொஞ்சம் உறுத்திருச்சு போல. அப்ப அந்தப் பேட்டரியெல்லாம்னு இழுத்தாரு. அதுக்கு யால்மரி என்ன சொன்னாரு தெரியுமா? பேட்டரியா, அது பாட்டுக்கு அங்க சும்மாதானே கிடக்குதுன்னாரு.

டெல்லர்வோ சரின்னா. அவ்வளவுதான். சரி, சும்மாதான் கிடக்குதுன்னா.

இப்பதான் கதையே. அதே அக்டோபர்ல, ஒரு மாசம்கூட ஆகல, எல்லாரும் எப்பவும் போல பேட்டரியைத் தூக்கிக்கிட்டு அதே வாசலுக்கு வந்தாங்க! என்ன தைரியம் பாருங்க. இடத்தைப் பிடுங்கினவங்களே. வெட்கம் இல்லன்னும் சொல்ல முடியாது, அது தப்புன்னு தோணவே இல்ல, அதான் விஷயம். டெல்லர்வோ கதவைத் திறந்துவிட்டா. வச்சுட்டுப் போங்கன்னா. வச்சுட்டுப் போனாங்க.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவ கிழங்கு எடுக்க இறங்கினா, ஏறினா. சார்ஜர் சுவர்ல ஆணியில தொங்கிச்சு. தன் பேட்டரியை மட்டும் சமையல் மேடைக்குப் பக்கத்து அறையில வச்சு, வேற ஒரு சின்ன சார்ஜரால ஒழுங்காப் பார்த்துக்கிட்டா. மத்ததை ஒரு விரலாலகூடத் தொடல. இல்ல தம்பி, கெடுக்கல. ஒரு திருகாணியைத் திருப்பல, ஒரு சொட்டுத் தண்ணியைக் கொட்டல. அவங்க சொன்ன மாதிரியே இருக்கவிட்டா.

மே மாசம், படகு இறக்குற நாள். கிரேன் வாடகைக்கு வந்து நிக்குது, கொடி ஏத்தியாச்சு, கமடோர் வெள்ளைத் தொப்பி போட்டுக்கிட்டுப் பேசியாச்சு. முதல் படகு அவரோடது. கிரேன் தூக்கித் தண்ணியில விட்டுச்சு. சாவியைத் திருப்பினாரு. டிக். திரும்பத் திருப்பினாரு. டிக். காத்து வேற அடிச்சுதா, படகு மெதுவா நாணல் காட்டுக்குள்ள போய்ப் பின்பக்கமாச் சொருகிக்கிச்சு. தொப்பி கழண்டு வாத்து மாதிரி மிதந்து போகுது. இவரு கழியை எடுத்துச் சேத்துல குத்துறாரு. பின்னால ஏலக்காய் ரொட்டித் தட்டை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்த அவரு பொண்டாட்டி சிரிச்ச சிரிப்புல தட்டே கொட்டிருச்சு. ரெண்டாவது படகு, டிக். மூணாவது, அதுகூட இல்ல. கிரேன்காரன் ஒவ்வொண்ணா இறக்கிட்டே இருக்கான், அவனுக்கென்ன. படகும் படகும் முட்டிக்கிட்டு, கயிறு வீசறதும், திட்டறதும், எவன் எவனை இழுக்கிறதுன்னு தெரியாம, வாத்து மந்தையை வடிகால்ல அடைச்ச மாதிரி ஆயிருச்சு.

எல்லாரும் கரையில நின்ன டெல்லர்வோகிட்ட ஓடினாங்க. என்ன பண்ணின அந்தப் பேட்டரியையெல்லாம்? ஒண்ணும் பண்ணலயே. பொய் சொல்லாத, என்னமோ பண்ணியிருக்க. இல்லப்பா, சத்தியமா ஒண்ணுமே பண்ணல. ஒண்ணும் பண்ணலன்னா இப்படித்தான் இருக்கும்.

தான் வருஷா வருஷம் என்ன வாங்கிட்டுப் போனோம்னு அப்பதான் அவனவனுக்கு உறைச்சுது. கடைசியா, கட்ட இடமில்லாத அவ படகும் இறங்குச்சு. ஒரே திருகல். எஞ்சின் பூனை மாதிரி முனகிச்சு. முட்டிக்கிட்டு நின்ன படகுங்களைச் சுத்திக்கிட்டு, ஒருத்தர் மேலயும் அலை படாம, மெதுவா வெளியில கொண்டுபோனா.

அப்புறம் என்ன, அவசரக் கூட்டம். அவளுக்குக் கௌரவ உறுப்பினர் பட்டம் தரலாம்னு முடிவு பண்ணினாங்க. ஓட்டு கிடையாது, இடம் கிடையாது, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு காகிதம். இடத்தை ஏற்கனவே வரிசையில முதல்ல நின்னவருக்குக் கொடுத்தாச்சாம், திருப்பி வாங்க விதி இல்லயாம். ஆனா பேட்டரி பார்க்கிறதும் இனிமே கூட்டு வேலையில சேரும்னு எழுதிட்டாங்க. அடுத்து வர்றவளுக்கு உதவும். இவளுக்கு உதவல. அவ அந்தக் காகிதத்தை வாங்கிக்க வரவே இல்ல. வீட்டை விலைக்குப் போட்டா. வாங்கினது யாரு? யால்மரி. நிலவறைக்காக.

ஆமா தம்பி, நான்தான். அந்த ஏலக்காய் ரொட்டித் தட்டு. யால்மரி என் வீட்டுக்காரர்தான். அவரு ஊர் பூரா சொல்லிட்டாரு, ரெய்னோ நிலவறைக்கே கொண்டுபோங்க, என் பொண்டாட்டி வீட்டுலதான் இருக்கா, பார்த்துக்குவான்னு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கல. நானும் பார்த்துக்கிறேன், ஆனா ஒவ்வொரு மணி நேரத்தையும் என் பேர்ல எழுதுங்கன்னேன். புருஷன் பொண்டாட்டிக்குள்ள எதுக்கு எழுத்தும் கையெழுத்தும்கிறாரு. அதனால உள்ள உருளைக்கிழங்குதான் இருக்கு. வேணும்னா எட்டிப் பாருங்க.

மூஞ்சியைத் தொங்கப்போடாதீங்க. வீட்டுக்குக் கொண்டுபோங்க, இன்னைக்கே சார்ஜர்ல மாட்டுங்க, குளிர்ந்த அறையில வைங்க, மாசத்துக்கு ஒரு தடவை மீட்டர் வச்சுப் பாருங்க, பன்னிரண்டரை வோல்ட்டுக்குக் கீழ போச்சுன்னா திரும்ப ஏத்துங்க. ஒண்ணும் கஷ்டமில்ல. ஒரு பேட்டரிக்கு அது வேலையே இல்ல.

டெல்லர்வோவா? ஊத்தோ தீவுல இருக்கா. அதுக்கு அந்தாண்டை வெறும் கடல்தான். தீவுக் கடைக்காரரோட படித்துறையில படகைக் கட்டியிருக்கா, அவருக்குக் கோடையில கடையைப் பார்த்துக்கிறா, சம்பளத்துக்கு. அந்தப் பக்கம் போற கிளப்புக்காரங்க கைகாட்டினா, கைகாட்டுவா. பேசறதில்ல. இங்க திரும்பி வரவே இல்ல, வரவும் மாட்டா. அங்க அவளுக்குன்னு ஒரு சின்ன நிலவறை, அதுல இப்ப ஒரே ஒரு பேட்டரிதான் இருக்கு, அவளோடது.