அக்காவுக்குப் புரியவில்லை

பல்கலைக்கழக இணையப் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே ஆராய்ச்சி ஆர்வங்கள் என்று ஒரு வரி இருக்கிறது: வடிவமைப்புக் கோட்பாடு, மனிதரும் கணினியும் பழகும் விதம். ஸோம்பா நகரில் பல வருடங்களாக இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வரியைப் படித்துவிட்டு யாரும் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. நீங்கள்தான் முதல் ஆள், இன்ஸ்பெக்டர்.

சில்வா ஏரிக்கரைக் கர்ப்பிணிகளுக்காகப் பேசும் தொலைபேசி ஒன்றைச் செய்ய நினைத்தோம். கூப்பிட்டால் இயந்திரம் கேட்டுப் பதில் சொல்லும். செய்வதற்கு முன், மக்கள் அதனிடம் எப்படிப் பேசுவார்கள் என்று தெரிய வேண்டும். அதற்கு எங்கள் துறையில் பழைய வழி ஒன்று உண்டு. இயந்திரம் தயார் என்று சொல்லிவிட்டு, அது இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆள் உட்கார்ந்துகொள்வது. அந்த ஆள் நான். காதில் அவர்கள் குரல், முன்னால் ஒரு வரிசைப் பொத்தான்கள். ஒவ்வொன்றிலும் என் உதவியாளர் டியோங்கேயின் குரலில் பதிவுசெய்த ஒரு வாக்கியம். "எத்தனையாவது மாசம்?" "உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க." "எனக்குப் புரியல, மறுபடி சொல்லுங்க."

பெண்கள் அந்தக் குரலை அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

"அக்கா, சாப்பிட்டியா?"

"எனக்குப் புரியல, மறுபடி சொல்லுங்க."

"எம் மாமியார் காதும் இப்படித்தான். வேணுங்கறது மட்டும்தான் விழும்."

பக்கத்தில் உட்கார்ந்து தானும் கேட்டுக்கொண்டிருக்கும் டியோங்கே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

விதி ஒன்றுதான். இயந்திரத்துக்குக் கொடுக்கப்போகும் சொற்பட்டியலில் இருப்பது மட்டுமே எனக்குப் புரிய வேண்டும். முந்தைய திட்டங்களில் இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் இரக்கப்பட்டு, ஊகித்துப் பதில் சொன்னார்கள். பரிசோதனை பிரமாதமாக முடிந்தது. நிஜ இயந்திரம் வந்தபோது அதற்கு ஒன்றும் புரியவில்லை. அந்த இயந்திரப் பெட்டிகள் இன்னும் எங்கள் மாடிப்படிக்கு அடியில் கிடக்கின்றன. ஒவ்வொரு நாளும் அவற்றைத் தாண்டித்தான் போகிறேன். எனக்கு அலுத்துவிட்டது.

எனெலெசி என்ற பெண் ஒரு மதியம் கூப்பிட்டாள். எட்டாவது மாதம். கணவன் மீன்பிடிக்கப் போயிருந்தான்.

"அக்கா, ரெண்டு இடுப்புத்துணி மாத்திட்டேன். இப்ப மூணாவதும் நனைஞ்சிருச்சு."

பட்டியலில் இரத்தம் என்ற சொல் இருந்தது. இடுப்புத்துணி இல்லை. அந்தப் பக்கத்துப் பெண்கள் இரத்தம் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், இயந்திரத்திடம்கூட. நான் அந்த ஏரிக்கரையில் பிறந்தவன். மறுபடி சொல்லச் சொல்லும் பொத்தானை அழுத்தினேன்.

"கறை தெரியாத துணிதான் அக்கா. ஆனாலும் தெரியுது."

மறுபடி அழுத்தினேன்.

"சார், அவங்களுக்கு ரத்தம் போகுது," என்றாள் டியோங்கே.

"தெரியும்."

"அப்ப ஆஸ்பத்திரி பட்டனை அழுத்துங்க."

"அந்த வார்த்தையை அவ இன்னும் சொல்லல."

அவள் கை நீட்டினாள். பொத்தானை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

"அது என் குரல் சார். என் குரல்ல அவங்ககிட்ட புரியலன்னு சொல்லாதீங்க."

பிறகு தன் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

தான் சொல்வது புரியவில்லை என்று தெரிந்ததும் ஒருவர் பேச்சை எப்படி மாற்றிக்கொள்கிறார் என்பதுதான், சரியாகச் சொன்னால், என் ஆராய்ச்சி ஆர்வம். எனெலெசி வாக்கியங்களைச் சின்னதாக்கினாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே இடைவெளி விட்டாள். கடைசியில் சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "துணி. நனைஞ்சிருச்சு. நிக்கல." இவ்வளவு தெளிவான பதிவு எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. ஒவ்வொரு தடவையும் நான் அதே பொத்தானை அழுத்தினேன்.

"பரவால்ல அக்கா," என்றாள். "உன்மேல தப்பில்ல. எனக்குத்தான் சொல்லத் தெரியல." இணைப்பு அறுந்தது.

தட்டில் மக்காச்சோளக் களி ஆறிப்போயிருந்தது. சாப்பிட்டு முடித்தேன். நானும் சுகாதார நிலையத்துக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் கூப்பிட்டதும் ஆள் வந்தால், அக்காவுக்குப் பின்னால் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதன்பின் யாரும் இயந்திரத்திடம் பேசுவதுபோலப் பேச மாட்டார்கள்.

டியோங்கே சொல்லியனுப்பிய சைக்கிள் ஆம்புலன்ஸ் சேற்றுப் பாதையில் போய்ச் சேர்ந்தபோது, எனெலெசி வாசற்படியில் கிடந்தாள். குழந்தையும் பிழைக்கவில்லை.

டியோங்கே உங்களிடம் எழுதிக்கொடுத்ததில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அவள்மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஒன்றை மட்டும் அவள் விட்டுவிட்டாள். அன்று மாலையே இடுப்புத்துணி என்ற சொல்லைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். இனி ஏரிக்கரையில் எந்தப் பெண் அப்படிச் சொன்னாலும் இயந்திரத்துக்கு முதல் தடவையிலேயே புரிந்துவிடும், எனக்குப் புரிந்ததுபோலவே.