முட்டைக்குத் திருத்தம்

— முட்டை போட்டது போட்டதுதான் டீச்சர். ஒண்ணை மாத்தினா மத்த நாப்பது பேரும் நோட்டைத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க.

— மத்த நாப்பது பேரும் பாஸ் சார். 'விடுமுறையைக் கழித்த விதம்'னு ஒரு கட்டுரை. அதுல என் கிளாஸ்ல ஒருத்தி மட்டும் எப்படி சார் முட்டை வாங்குவா?

— பொய் எழுதினா வாங்குவா. நாளைக்கு அசெம்பிளில முன்னால நிக்கட்டும், புத்தி வரும். ஆமா, திருத்தம் எழுதிட்டாளா? முட்டை வாங்கினா சரியானதை மூணு தடவை எழுதணும். இருபத்தெட்டு வருஷமா என் சட்டம்.

— எழுதிட்டா. அதுக்கு அப்புறம் வரேன். இந்தப் பையன் லீவுல கப்பல் ஓட்டினேன்னு எழுதியிருக்கான். அவனுக்கு ஏழு மார்க் குடுத்திருக்கீங்க.

— ஓட்டிட்டுப் போறான் விடுங்க. பெரியவனாகி அப்பன் கடையில துணி மடிக்கத்தானே போறான். இவளைப் பாருங்க. முதல் வரியே, லீவு முழுக்க ஸ்கூலுக்கு வந்தேன்னு. எந்தப் பிள்ளை லீவுல ஸ்கூலுக்கு வரும்? நீங்க வருவீங்களா?

— வாட்ச்மேன் பொண்ணு சார். கேட்டுக்குப் பக்கத்துலதான் வீடு. வேற எங்க போவா?

— ரொம்ப சந்தோஷம். போக வழியில்லைன்னா நாலு வரி கற்பனை பண்ணி எழுதக்கூடவா வழியில்ல?

— இப்பத்தானே பொய்னு சொன்னீங்க.

— வாயடிக்காதீங்க. லீவுன்னா என்னன்னு என்னைக் கேளுங்க. மகன் வீட்ல நாப்பது நாள். பதினாலாவது மாடி. கண்ணு முழிக்கும்போது மருமக காபியோட நிக்கும். சாயங்காலம் பேரன் கையைப் பிடிச்சுட்டு நீச்சல் குளம். சாக்பீஸ் என்ன நிறம்னே மறந்து போச்சு.

— போன வாரம் பன்னெண்டாவது மாடின்னீங்க.

— லிஃப்ட்ல போறவனுக்கு எந்த மாடியா இருந்தா என்ன.

— இதை முழுசாப் படிச்சீங்களா சார்?

— நீங்க வேலைக்கு வந்து ரெண்டு வருஷம்கூட ஆகல, அதான் கேக்கறீங்க. முதல் வரி, கடைசி வரி, மொத்தம் எத்தனை பக்கம். அவ்வளவுதான் திருத்தறது. நடுவுல படிக்கிறவன் ரிட்டையர் ஆகிறதுக்குள்ள போய்ச் சேர்ந்துடுவான்.

— அப்ப நடுவுலேர்ந்து நான் படிக்கிறேன்.

— வேண்டாம். மணி அடிக்கப் போகுது.

— 'தமிழ் சார் அப்பாவிடம் சாவி வாங்கிக்கொண்டு தினமும் வகுப்புக்குப் போவார். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன்.'

— கிடக்கட்டும். நோட்டை மூடுங்க.

— 'உள்ளே யாருமே இல்லை. ஆனாலும் சார் பேர் கூப்பிடுவார். பாடம் நடத்துவார். காலி பெஞ்சைப் பார்த்து, பேசாதே என்று அதட்டுவார். மத்தியானம் இரண்டு பன் சாப்பிட்டுவிட்டு மேஜையில் தலை வைத்துத் தூங்குவார்.'

— டீச்சர்.

— 'ஒரு நாள் போனில், நான் வரட்டுமாப்பா என்று கேட்டார். அப்புறம் போனை வைத்துவிட்டு போர்டை ரொம்ப நேரம் அழித்தார். போர்டில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.'

— கதவைச் சாத்துங்க முதல்ல.

— நடுவுல படிக்க மாட்டேன்னீங்க. போன் பேசின வரியை மட்டும் சிவப்பு மையில அடிச்சிருக்கீங்களே.

— படிச்சேன். எல்லாத்தையும் படிச்சேன். அதனாலதான் முட்டை. நல்ல கட்டுரையை அசெம்பிளில மைக்ல படிப்பாங்க தெரியும்ல? இந்தப் பிள்ளை எழுதினதுதான் இருக்கறதுலேயே நல்ல கட்டுரை. வேற மார்க் போட்டிருந்தா ஸ்கூல் மொத்தமும் கேட்டிருக்கும். மகன் இடமில்லப்பான்னுட்டான். மூணு வருஷமா இடமில்ல. வீட்ல சுவத்தைப் பார்த்துக்கிட்டு எத்தனை நாள் உக்காரறது? இங்க பெஞ்சாவது இருக்கு.

— அதுக்கு அந்தப் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்க. நாப்பத்தொரு பேர்ல உண்மையை எழுதினது அவ ஒருத்திதான். வெக்கமா இல்ல சார்?

— இருக்கு. பேனாவைக் குடுங்க. ஒன்பது போடறேன். அசெம்பிளில அவ நிக்க வேண்டாம். போதுமா?

— பக்கத்தைத் திருப்புங்க. உங்க சட்டப்படி திருத்தம் எழுதியிருக்கா.

— கண்ணாடி இல்ல. நீங்களே படிங்க.

— 'விடுமுறையில் நான் தமிழ் சாரைப் பார்க்கவே இல்லை.' மூணு தடவை.