கைதட்டினால் சாமி மலையேறுமா?

எழுபத்திரண்டு வாக்கில் ஒருநாள், கவரைப்பேட்டையில் கரிவண்டி ஏறினேன். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் ஊர் வந்துவிடும் எனக்கு. அதனால் ரயிலில் அடுத்தவர் பேச்சுதான் என் பேப்பர். எதிர்ப் பலகையில் ஒரு கணவனும் மனைவியும்.

"கைதட்டுனா சாமி மலையேறுமாய்யா?" என்றாள் அவள்.

"பட்டணத்துல புதுமாதிரி கச்சேரி, கிதாரோட பம்பையும் அடிக்கிறாங்கன்னு ஆசையா இட்டுகினு போனேன். பம்பை கேட்டா உனுக்கு சாமி வரும்னு மறந்துட்டேன்மே."

"கோயில்ல வந்தா துன்னூறு பூசுவாங்கோ. அங்க நான் தலவிரிச்சி ஆடுறேன், இதுவும் கச்சேரில சேர்த்தின்னு கைதட்டுறானுங்கோ. நீ இன்னா பண்ணே?"

"நானும் தட்டுனேன். சுத்தி எல்லாம் பெரிய மனுசங்கோ."

"த்தூ! பம்பைக்காரரு மேடைய வுட்டு எறங்கி வந்து துன்னூறு பூசலன்னா இன்னும் ஆடிக்கினு இருப்பேன்."

சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பினேன். கண்ணில் கரித்தூள் விழுந்தது, நன்றாக வேண்டும் எனக்கு.

அவன் மெதுவாகக் கேட்டான்: "ஞாயித்துக்கெயம மறுபடி கீது. நான் மட்டும் போய்ட்டு வரட்டா?"

"நானும் வரேன். இந்த தபா துன்னூறு நீ எடுத்துக்கினு வா, சாமி வந்தவொடனே பூசிடு. போன தபா மொத பாட்டுலயே வந்துட்ச்சி, மீதி ஒண்ணும் நான் கேக்கவேயில்லியே."