சீனத்தி முனை

இந்தப் பக்கம் தார் ரோடே வராத காலம். செராய்மலைத் தோட்டத்துல மொத்தமே ஏழு லயம்தானாம், தொழிலாளிங்க குடியிருக்குற வரிசை வீடுங்க. சுத்திலும் ரப்பர் மரம், அதுக்கு அந்தண்டை காடு. மூணாவது லயத்துல அடைக்கன்னு ஒரு பால்வெட்டுக்காரர். அவர் சம்சாரம் சிட்டம்மா. கல்யாணமாகி பன்னண்டு வருஷம், புள்ளை இல்லையாம்.

அப்ப ஈயச் சுரங்கத்துல வேலை செஞ்ச ஒரு சீனக் குடும்பத்துல ஆறாவதும் பொண்ணாப் பொறந்துச்சாம். வளர்க்க வழியில்லைன்னு அழுதாங்களாம். "எங்கிட்டக் குடுங்க"ன்னு சிட்டம்மா ரெண்டு கையையும் நீட்டுனாளாம். அப்படி வந்தவதான் பூங்காவனம்.

மூஞ்சி சீன மூஞ்சி. பேச்சு நம்ம பேச்சு. கோயில்ல கும்மின்னா அவதான் பாட்டு எடுத்துக் குடுப்பாளாம். ஆனாலும் தோட்டத்துல அவளுக்குப் பேரு சீனத்தி. சரி, சீனர் கடைக்குப் போனா? கடைக்காரர் சீன பாஷையில ஏதோ கேப்பாராம். இவ முழிப்பாளாம். "அட, இது கிலிங்கு!"ன்னு சிரிப்பாராம். நம்மாளுங்களை மட்டமாச் சொல்ற பேரு அது. இங்க சீனத்தி, அங்க கிலிங்கு. சின்ன வயசுல ஆத்தா மடியில படுத்து அழுதிருக்காளாம். அதே லயத்து ரெங்கனைக் கட்டி, ரெண்டு புள்ளை பெத்தப்புறம் அந்த அழுகையெல்லாம் போயிருச்சாம். யாராவது "ஏ சீனத்தி"ன்னா, "என்னா வேணும்?"னு கேட்டுட்டு வேலையப் பாப்பாளாம்.

ஜப்பான்காரன் போயி வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். காட்டுக்குள்ள அவனை எதுத்த சண்டைக்காரங்க இருந்தாங்க, முக்காவாசி சீனருங்க. அவங்களுக்குச் சோறு போயிரக் கூடாதுன்னு, காட்டோரம் குடியிருந்த சீனர்களையெல்லாம் ஏத்திட்டுப் போயி கம்பி வேலிக்குள்ள வச்சாங்களாம்.

நம்ம தோட்டத்து ஓரத்துல ஆ சிம்னு ஒரு கிழவி கீரைத் தோட்டம் போட்டிருந்தாளாம். நாதியத்தவ, காதும் மந்தம். அன்னிக்குக் காலையில பூங்காவனம் அங்க கீரை பறிச்சுக்கிட்டு இருந்தாளாம். லாரி வந்து நின்னுச்சு. பட்டாளத்தான் குதிச்சான். ரெண்டு பேரையும் புடிச்சு ஏத்திட்டானாம்.

"டேய், வுடுறா கையை! நான் மூணாவது லயம்டா!"

அவனுக்கு எங்க புரியுது? மூஞ்சியப் பாத்தான், அவ்வளவுதான்.

சத்தம் கேட்டு ரெங்கன் ஓடியாந்தாராம். பின்னாடியே லயமே ஓடியாந்துச்சாம். பட்டாளத்தோட பேரெழுத வந்த தமிழ்க் கிராணி அவ அடையாளக் கார்டை வாங்கிப் பாத்தாராம். அதுலயும் சீனர்னுதான் போட்டிருந்துச்சாம். கார்டு குடுத்தவனும் மூஞ்சியப் பாத்துத்தானே எழுதியிருப்பான்!

"எங்க புள்ளை அதுங்க! அம்மன் கோயில்ல முடியெறக்கின புள்ளை!"ன்னு லயமே கத்துச்சாம்.

"ஒண்ணு சொல்லும்மா. நீ தமிழச்சியா, சீனத்தியா?"ன்னு கிராணி கேட்டாராம்.

"தமிழச்சிங்க."

"அப்ப எறங்கு."

எறங்கத்தான் போனாளாம். ஆ சிம் அவ முந்தானையைப் புடிச்சுக்கிட்டாளாம். புடிச்ச புடியை வுடலையாம். பூங்காவனம் அந்தக் கையைப் பாத்தாளாம். மறுபடியும் பலகையில உக்காந்துட்டாளாம்.

"கிராணியாரே, நான் சீனத்தியுந்தான். எழுதிக்குங்க."

"புத்தி கெட்டுப் போச்சாடி? உள்ள போனா வெளிய வுட மாட்டான்!"ன்னு ரெங்கன் கத்துனாராம்.

"கிழவியை ஒரு கூரைக்கு அடியில உக்கார வச்சிட்டு வந்துர்றேன். சோறு வடிச்சிருக்கு. சின்னவளுக்குத் தலை சீவி வுடுங்க."

லாரி போயிருச்சாம்.

வேலிக்குள்ள சேலையும் பொட்டுமா ஒரு சீனப் பொம்பளை தமிழ்ல பேசுறதைப் பாத்து சீனருங்கள்லாம் கூடிக் கூடிச் சிரிச்சாங்களாம். இவ அதைக் காதுலயே போட்டுக்கலையாம். கம்பு நட்டா, தகரம் போட்டா, அடுப்பு வச்சா. ரெண்டாம் நாள் சிரிச்சவங்களே வந்து ஏணி புடிச்சாங்களாம்.

குடிசை நிமிந்துச்சு. வாசலுக்குப் போனா. காவக்காரன் வுடலையாம். "பேரு ஏறிருச்சு, நீ சீனத்தி." பதினோரு நாளு! ரெங்கன் தினமும் புள்ளைங்களைத் தூக்கிட்டு வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நிப்பாராம். ஒரு நாளு சின்னது கம்பிக்குள்ள விரலை வுட்டு ஆத்தா மூக்கைத் தொட்டுச்சாம். அன்னிக்கு மட்டும் அவளுக்கு அழுகை வந்துச்சாம்.

பன்னண்டாம் நாள் ஆ சிம்மே கம்பை ஊணிக்கிட்டு வாசலுக்கு வந்தாளாம். கூடவே முப்பது சீனருங்க. வேலிக்குப் பொறுப்பா இருந்த வெள்ளைக்காரத் துரையைப் பாத்து எல்லாரும் ஒரே குரல்ல, "இவ எங்க ஆளு இல்லை. கிலிங்கு! கிலிங்கு!"ன்னாங்களாம். பூங்காவனத்துக்குச் சிரிப்பு தாங்கலையாம். வயித்தைப் புடிச்சிக்கிட்டு மண்ணுலயே உக்காந்துட்டாளாம். சீனருங்களும் சிரிச்சாங்களாம். துரைக்கு ஒண்ணும் வெளங்கலை. கதவைத் தொறன்னுட்டானாம்.

வீட்டுக்கு வந்தவ சும்மா இருந்தாளா? போக வர ஒரு பாஸ் கேட்டு வாங்கிட்டாளாம். வெள்ளிக்கெழமை தவறாம ரப்பர் மரங்களுக்கு நடுவுலயே நடந்து கிழவியைப் பாக்கப் போவாளாம். அவ நடந்த தடத்துல மத்தவங்களும் நடந்தாங்க. ஆ சிம் செத்தப்ப பூங்காவனம்தான் மகளா நின்னு ஊதுபத்தி ஏத்துனாளாம்.

இப்ப வேலி இல்லை, லயமும் இல்லை. அந்தத் தடம் ரோடாயிருச்சு. ஆ சிம் குடிசை இருந்த எடத்தை நாம சீனத்தி முனைங்கிறோம். நம்ம மாரியம்மன் தேரு வருஷா வருஷம் அது வரைக்கும் போயித்தான் திரும்பும். சீனர் வீடுங்கள்ல தண்ணி தெளிச்சு, தேங்காயை அடுக்கி வச்சிக்கிட்டுக் காத்திருப்பாங்க. போன வருஷம் மழை, தேரு ரெண்டு மணி நேரம் தாமதம். ஒருத்தர்கூட உள்ள போகலையே! குடையைப் புடிச்சிக்கிட்டு ரோட்டுலயே நின்னாங்க.